நாலாம் நம்பர் ஃபீடரில் வந்த கவிதை

பொதுமக்கள் எழுந்து நின்று வாசிக்க வேண்டிய பேரறிவிப்பு:

"வரும் தை முதல் நாள் காலை ஆறு மணி முதல், இம்மாநில எல்லைக்குள் தொலைபேசியில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் கவிதையாகவே மறுமுனையைச் சென்றடையும். கத்திரிக்காய் விலை கேட்கவும், பேருந்து வந்துவிட்டதா என்று விசாரிக்கவும், சம்பந்தி வீட்டாரைத் திட்டவும் இதுநாள்வரை வீணாக்கப்பட்ட நம் செம்மொழி, அன்றுமுதல் தன் அரியணையில் அமர்கிறது. உரைநடை என்னும் சிறுமையிலிருந்து எட்டுக் கோடி மக்களும் ஒரே காலையில் விடுதலை பெறுகிறார்கள். இதற்கென எவரும் விண்ணப்பிக்கத் தேவையில்லை. மறுப்பதற்கும் வழியில்லை."

மொழி மேன்மைத் துறை இந்த அறிவிப்பைச் செப்புத் தகட்டில் பொறித்து மாவட்டத்துக்கு ஒன்றாக அனுப்பிவைத்தது. எங்கள் மாவட்டத்தில் அதை ஆட்சியர் அலுவலகச் சுவரில் பதித்தார்கள். மறுவாரம் அதன்மேல் ஒரு காதணி விழா போஸ்டர் ஒட்டப்பட்டது. போஸ்டரிலும் கவிதைதான் இருந்தது என்பதால் யாரும் கிழிக்கவில்லை.

நரியூரணி துணை மின்நிலையத்துக்குப் பேச்சைக் கவிதையாக்கும் கருவி வந்த அன்று, பணியில் இருந்தவர் ஆபரேட்டர் சுபிக்ஷா. வயது நாற்பத்தேழு. பத்தொன்பது வருடமாக அதே சுவிட்ச் பலகைக்கு முன்னால், அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஊருக்கு வெளிச்சம் கொடுப்பதும் நிறுத்துவதுமாக இருப்பவர். கருவியைப் பொருத்த வந்தவர் ஒப்பந்த நிறுவனத்துப் பொறியாளர் பெனிட்டா. டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. அதற்கு 'நாவணி' என்று பெயர்.

"இது என்னதாம்மா செய்யும்?" என்று கேட்டார் சுபிக்ஷா.

"நீங்க இங்க பேசுவீங்கக்கா. அது போற வழியில நாவணி கேட்டுக்கும். கவிதையா மாத்தி, உங்க குரல்லயே அந்தப் பக்கம் சொல்லும். அரை செகண்டுதான். அவங்களுக்கு நீங்களே பேசுற மாதிரி இருக்கும்."

"அர்த்தம் மாறாதுல்ல?"

"உணர்வு மாறாது."

"நான் அர்த்தத்தக் கேட்டேன்."

பெனிட்டா கடைசி ஸ்குரூவை முறுக்கினார். "எங்களுக்கு ஒப்பந்தத்துல உணர்வுன்னுதான்க்கா போட்டிருக்கு."

"சரி, இதுக்குக் கவிதை யாரு சொல்லிக் குடுத்தா?"

"முப்பது வருசத்துக் கவியரங்க வீடியோ மொத்தமும் குடுத்துப் பழக்கியிருக்கோம். அது பத்தலைன்னு கல்யாண வாழ்த்து மடல், கட்சிப் போஸ்டர், கண்ணீர் அஞ்சலி நோட்டீசு..."

"விளங்கிரும்."

"இன்னொண்ணு சொல்லிரணும்க்கா. சட்டத்துல ஏழாம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அந்தப் பக்கம் என்ன கேட்டுச்சோ, அதுதான் நீங்க சொன்னது. கோர்ட்டுக்குப் போனாலும் அதான் சாட்சி."

"அப்ப நான் வாயத் தொறந்து சொன்னது?"

"அது பதிவாகாது. எடம் பத்தாது."

பெனிட்டா கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுல இப்பல்லாம் நேர்ல மட்டுந்தான் பேசிக்கிறோம்க்கா" என்றார்.

முதல் வாரம் வேடிக்கையாகத்தான் போனது. சுபிக்ஷாவுக்கு வந்த முதல் புகார் அழைப்பு இப்படி இருந்தது:

"இருள் கூந்தல் விரித்த எம் வீதியில்
வெடித்த விதையே, நீ வாழ்க!"

வெடித்தது டிரான்ஸ்பார்மர் என்று கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. சரி, 'விதை' என்றால் டிரான்ஸ்பார்மர் என்று ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டார். மறுநாள் ஒருவர் விதை என்றார், அது மீட்டர். அதற்கடுத்த நாள் விதை என்றவருக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. எண் மாறி அழைத்துவிட்டார். காகிதத்தைக் கிழித்துப் போட்டார் சுபிக்ஷா.

திட்டுகிறவர்கள் பாடுதான் பெரும்பாடு. மேலத்தெரு மாவு மில்காரர் அடிவயிற்றிலிருந்து கத்தியிருக்கிறார்: "மூணு நாளா கரண்டு இல்ல, நீங்கள்லாம் மனுசங்களாய்யா?" அது இங்கே வந்து சேர்ந்தது இப்படி:

"மனிதரா நீங்கள்? இல்லை, இல்லை!
மூன்று பகலும் உம்மை நினைந்தேன்!"

மின்னோட்டத் துறையின் வரலாற்றில் முதன்முறையாக வாடிக்கையாளர் மனநிறைவு தொண்ணூற்றெட்டு சதவீதத்தைத் தொட்டது. மீதி இரண்டு சதவீதம், லைன் கிடைக்காதவர்கள். மேற்பார்வைப் பொறியாளர் முத்தமிழரசன் இதற்காக ஒரு விழா எடுத்தார். தன் சொந்தச் செலவில் ஒன்பது கவிதை நூல் வெளியிட்டவர் அவர். ஒவ்வொன்றுக்கும் அணிந்துரை எழுதியவர்களில் பாதிப்பேர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள்.

வேடிக்கை முடிந்தது லைன்மேன் யுகேஷ் பாண்டி வழியாக. ஐம்பத்தைந்து வயது ஆள். வார்த்தையைச் செலவழிக்காதவர். அவர் மகள் ஹன்சிகாவைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார். தை மாத நடுவில் ஒருநாள் மகளிடமிருந்து போன் வந்தது:

"வெண்மேகப் படுக்கையில் துயில்கிறேன் தந்தையே,
துளித்துளியாய் எனக்குள் அமுதம் இறங்குதே!"

மருமகன் மகளை ஊட்டிக்குக் கூட்டிப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் பாண்டி. டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னார். பதினைந்து நாள் கழித்து ஹன்சிகா ஊருக்கு வந்து பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, பை தூக்கத் தெம்பில்லாமல் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று மத்தியானம் பாண்டி மின்நிலையத்துக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"டெங்குவாம் தங்கச்சி. பத்து நாளு ஆஸ்பத்திரியில கெடந்துருக்கு. துளித்துளியா அமுதம்னா குளுக்கோஸ் பாட்டிலாம்."

சுபிக்ஷா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "இப்ப நல்லா இருக்காளாண்ணே?"

"இருக்கா. அப்பா ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேக்கல. அதான் ஒரு மாதிரி இருக்கு." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "அதை விடு. நம்ம விசயத்துக்கு வா. நாளைக்கு நான் கம்பத்துல ஏறி நின்னு உனக்குப் போன் போட்டா, உனக்கு என்ன கேக்கும்?"

அவர்களுடைய விஷயம் மூன்று வாக்கியம். பத்தொன்பது வருடமாக மாறாத மூன்று வாக்கியம். பாண்டி பார்க்கும் மின்பாதைக்கு நாலாம் நம்பர் ஃபீடர் என்று பெயர். கம்பத்தில் ஏறுவதற்கு முன் அவர் போன் செய்வார்: "நாலாம் நம்பர். நான் மேல. போடாதே." சுபிக்ஷா அதை அப்படியே திருப்பிச் சொல்வார்: "நாலாம் நம்பர். நீங்க மேல. போட மாட்டேன்." வேலை முடிந்து தரையில் கால் வைத்த பிறகு: "நாலாம் நம்பர். நான் கீழ. போடு." அதையும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் இவர் கரண்டு விடும் பிரேக்கரின் பிடியைத் தொடுவார். நலமா, சாப்பிட்டாயா என்று ஒரு சொல் கூடுதலாக இருக்காது. தப்பிக் கரண்டு வந்தாலும் மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த் ராடைக் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்று விதிப் புத்தகமும் சொல்கிறது. புத்தகம் இங்கே இருக்கிறது, ராடு ஸ்டோரில் இருக்கிறது, ஸ்டோர்கீப்பர் மருத்துவ விடுப்பில் இருக்கிறார். ஆகவே பாண்டியின் உயிர் அந்த மூன்று வாக்கியத்தில்தான் இருந்தது.

பாதுகாப்பு அழைப்புகளுக்கு மட்டும் நாவணியை அணைத்து வையுங்கள் என்று கேட்டு சுபிக்ஷா முத்தமிழரசனுக்குக் கடிதம் எழுதினார். பதில் மூன்றே நாளில் வந்தது. "உயிர் காக்கும் சொல்லுக்கு அழகு வேண்டாமா?" என்ற ஒரே வரி. கூடவே அவருடைய ஒன்பதாவது நூலில் ஒரு பிரதி.

"அப்ப பேசவே வேணாம்ணே" என்றார் சுபிக்ஷா. "மிஸ்டு கால் குடுங்க. ஒண்ணு குடுத்தா மேல போறீங்க. அடுத்தடுத்து ரெண்டு குடுத்தா இறங்கிட்டீங்க."

பாண்டி யோசித்தார். "அதை மிசினு ஒண்ணும் பண்ணாதா?"

"பேசுனாத்தானே பண்ணும்."

நாட்டின் செம்மொழிப் புரட்சி இப்படி ஒரு வாசற்படியில் மிஸ்டு காலிடம் தோற்றது. இரண்டு மாதம் எந்தக் குறையும் இல்லை.

நூறாவது நாள் வந்தது. திட்டத்தின் வெற்றி விழாவை நரியூரணி நகராட்சிக் கலையரங்கில் வைத்தார்கள். மொழி மேன்மைத் துறை அமைச்சர் நேரில் வந்தார். கலையரங்கம் இருப்பது நாலாம் நம்பர் ஃபீடரில். காலை பத்தே முக்காலுக்கு அமைச்சர் மேடைப் படியில் வலது காலை வைத்தார். கரண்ட் போனது.

ஊரணிக் கரையில் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்து தொங்கியது. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் ஊற்ற வேண்டியவர் வரவேற்புக் கவிதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

பத்து ஐம்பத்திரண்டுக்குப் பாண்டியிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தது. மேலே போகிறார். சுபிக்ஷா நாலாம் நம்பர் பிரேக்கரின் பிடியில் 'தொடாதே' என்பதற்கு அடையாளமான சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு உட்கார்ந்தார்.

பதினொன்று ஒன்பதுக்கு ஒரு மணி அடித்து நின்றது. அடுத்ததுக்குக் காத்திருந்தார். வரவில்லை. பதினொன்று பதினொன்றுக்கு இன்னொன்று அடித்து நின்றது. இடையில் இரண்டு நிமிடம். இது அடுத்தடுத்து இரண்டா, அல்லது தனித்தனியாக ஒன்றும் ஒன்றுமா? ஏற்பாட்டில் இதைப் பற்றிப் பேசவே இல்லை.

மூன்றாவது முறை மணி அடித்தது, நிற்கவில்லை. எடுத்தார். பாண்டியின் குரல்தான். ஆனால் பாண்டி பிறந்ததிலிருந்து பேசியிராத பேச்சு:

"கைக்குள் வாழ்ந்த உறவொன்று
கணத்தில் மண்ணைச் சேர்ந்ததே!
காத்திருக்கும் ஒளியே வா,
கண்ணீர் துடைக்க நீயே வா!"

லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, பாண்டி எடுக்கவில்லை.

மண்ணைச் சேர்ந்தது என்றால் இறங்கிவிட்டார். ஒளியே வா என்றால் கரண்டைப் போடு. பரீட்சையில் பொருள் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கிடைக்கும். மிஸ்டு காலும் கணக்குப்படி இரண்டு ஆகிவிட்டது. சுபிக்ஷா எழுந்து போய்ச் சிவப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்தார். பிடியில் கை வைத்தார்.

வைத்த கை அப்படியே நின்றது. துளித்துளியாய் அமுதம் என்று கேட்டதும் ஊட்டி என்று நினைத்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். அந்தக் கவிதைக்கும் பொருள் ரொம்பத் தெளிவாகத்தான் இருந்தது.

துணியை மறுபடி கட்டினார். போன் அடித்தது. முத்தமிழரசன்.

அரங்கில் நடந்ததைப் பின்னால் நூறு பேர் சொன்னார்கள். இருட்டில் அமைச்சரின் பக்கத்தில் நின்றுகொண்டு, தன் செல்வாக்கை எல்லோரும் கேட்கட்டும் என்று போனின் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாராம் முத்தமிழரசன். அவர் வாயைத் திறப்பதற்குள் சுபிக்ஷா இங்கிருந்து கத்தினார்:

"மேல ஆள் இருக்கான் சார்! இப்பக் கரண்டு விட்டா கரிக்கட்டையாப் போயிருவான்!"

அரங்கில் ஒலித்தது:

"மேன்மையின் உச்சியில் நிற்பவரே!
உம் ஒளி தீண்டினால்
கரியும் வைரமாய்ப் போகுமே!"

கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்றாம். "யாருய்யா அந்தம்மா? பிரமாதமா உங்களப் பாடுதே" என்றாராம் அமைச்சர். ஒன்பது நூல் எழுதியும் கிடைக்காத புகழ் அது. முத்தமிழரசன் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். மேலே நிற்பவர் யார் என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பிறகு ஓரமாக ஒதுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு உறுமினார்:

"ஏய், விளையாடுறியா? பாட்டெல்லாம் அப்புறம் பாடு. பத்து நிமிசத்துல கரண்டு வரல, உன்னைச் சஸ்பெண்டு பண்ணி வீட்டுக்கு அனுப்பிருவேன்!"

சுபிக்ஷாவுக்கு வந்து சேர்ந்தது:

"பத்து நொடியும் இனிப் பணி வேண்டாம்;
பாடிய பறவையே, கூடு திரும்பு!
இல்லம் ஏகுக, இளைப்பாறுக!"

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று சுபிக்ஷாவுக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக மேலதிகாரிகளுடன் பேசியவர். கொஞ்ச நேரத்தில் வேறு யாரையாவது அனுப்பிப் பிரேக்கரைப் போடச் சொல்வார் என்பதும் தெரியும். ஆனால் சட்டப்படி அவர் சொன்னது வேறு. பதிவேட்டை எடுத்து நிதானமாக எழுதினார்: "11.19. நாலாம் நம்பர் ஃபீடரில் ஆள் இறங்கியது உறுதியாகவில்லை. மேற்பார்வைப் பொறியாளரின் வாய்மொழி உத்தரவுப்படி இளைப்பாறச் செல்கிறேன்."

கையெழுத்துப் போட்டு, பிரேக்கர் அறையைப் பூட்டி, சாவியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

ஊரணிக் கரை மூன்று கிலோமீட்டர். வழியில் எதிரே துறை ஜீப் ஒன்று போனது. அதில் உதவிப் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். ஜீப் மின்நிலையத்துப் பக்கம் திரும்பியது. சுபிக்ஷா இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

கம்பத்தடியில் முதலில் தெரிந்தவை பாண்டியின் செருப்புகள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கழற்றிப் போட்டபடி கிடந்தன. ஆளைக் காணவில்லை. மண்ணைச் சேர்ந்ததே, மண்ணைச் சேர்ந்ததே என்று காதுக்குள் அந்தக் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. கரைச் சரிவில், கருவேலம் புதரில் எல்லாம் தேடினார். கடைசியாகத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

பாண்டி மேலே இருந்தார். இடுப்பு பெல்ட்டில் சாய்ந்துகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். கையுறைகூட இல்லை.

"அண்ணே!"

"யாரு, சுபிக்ஷாவா? நீ ஏம்மா இங்க வந்த? பலகையில யாரு?"

"யாரும் இல்ல. பூட்டிட்டேன். சாவி எங்கிட்ட இருக்கு."

பாண்டி மட்டையை இழுப்பதை நிறுத்தினார். தன் கையில் இருந்த கம்பியைப் பார்த்தார். தன் அழைப்பு அங்கே வேறு மாதிரி கேட்டிருக்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு சொல்லாக, ஊரணித் தண்ணீர்வரை கேட்கும்படி சொன்னார்:

"நாலாம் நம்பர். நான் மேல. போடாதே."

"நாலாம் நம்பர்" என்று ஆரம்பித்தார் சுபிக்ஷா. மறுபடி ஆரம்பித்தார். "நாலாம் நம்பர். நீங்க மேல. போடலண்ணே. போடவே இல்ல."

அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

"அழுவாத தாயி. மிசினு கேட்டா அதையும் கவிதையாக்கிரும்."

"இங்க மிசினு இல்லண்ணே."

"அப்பச் சரி. நல்லா அழு."

சுபிக்ஷாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. பாண்டியும் மேலே இருந்து சிரித்தார். மட்டை பெரிய சத்தத்துடன் கீழே விழுந்தது. ஊரணியில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், இவர்களுக்கு என்ன கேடு என்பதுபோல் பார்த்துவிட்டு முதுகு தேய்ப்பதைத் தொடர்ந்தார்கள்.

அரங்கில் என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. மைக் இல்லாததால் அமைச்சர் பேசியது முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது. முதல் வரிசையில் இருந்தவர்கள் அதிகாரிகள். அவர்கள் எப்போதும் கேட்பதில்லை. பதினேழு வாழ்த்துக் கவிதைகள் ரத்தாகின. பன்னிரண்டு மணிக்கே சாப்பாடு போட்டார்கள். அரசு விழா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே இன்றும் சொல்கிறது.

விசாரணை நடந்தது. பணி நேரத்தில் இடத்தை விட்டுப் போனது, அமைச்சரை இருட்டில் உட்கார வைத்தது என்று சுபிக்ஷாமேல் இரண்டு குற்றச்சாட்டு. வேலை போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சுபிக்ஷாவும் நினைத்தார். விசாரணை அதிகாரி அன்றைய பதிவை ஓட்டிக் காட்டச் சொன்னார். இல்லம் ஏகுக, இளைப்பாறுக என்று முத்தமிழரசனின் குரல் கணீரென்று ஒலித்தது.

"இது உங்க குரல்தானே?"

"குரல் என்னுதுதான். ஆனா நான் சொன்னது வேற சார்."

"ஏழாம் பிரிவுப்படி நீங்க சொன்னது இதுதான். இல்லைன்னு சொல்றீங்களா?"

முத்தமிழரசன் வாயைத் திறந்தார். இல்லை என்று சொன்னால் நாவணி பொய் சொல்கிறது என்று ஆகும். நாவணி பொய் சொல்கிறது என்றால், 'மேன்மையின் உச்சியில் நிற்பவரே' என்பதும் அவரைப் பற்றியது அல்ல என்று ஆகும். அதை அவர் ஏற்கனவே எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார். வாயை மூடிக்கொண்டார்.

"பின்ன இந்தம்மா உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வீட்டுக்குப் போனதுல என்ன தப்பு?"

"வீட்டுக்குப் போகல சார், ஊரணிக் கரைக்குல்ல போயிருக்கு!"

"எங்கே இளைப்பாறணும்னு கவிதையில இல்லையே."

சுபிக்ஷா வெளியே வந்தபோது பாண்டி வராந்தாவில் காத்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார், போய் இரண்டு டீ சொன்னார்.

விசாரணை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பரிந்துரை இருந்தது. அழைப்பின் தொடக்கத்தில் "உயிர் போகிற விஷயம்" என்று சொன்னால் அந்த அழைப்பை நாவணி தொடக் கூடாது. இதை மட்டும் அரசு ஏற்றுக்கொண்டது. ஒரு லைன்மேன் இறந்திருந்தால் திட்டத்தின் பெயர் கெட்டிருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஆணை வெளியான மறுநாள் காலை சுபிக்ஷாவின் கணவர் கடைவீதியிலிருந்து போன் செய்தார். "உயிர் போகிற விஷயம். புளி கால் கிலோவா, அரை கிலோவா?" அன்று சாயங்காலம் ஹன்சிகா அப்பாவைக் கூப்பிட்டாள். "உயிர் போகிற விஷயம்ப்பா. சும்மாதான் கூப்பிட்டேன்." பாண்டி முக்கால் மணி நேரம் போனை வைக்கவில்லை. அவர் அவ்வளவு நேரம் பேசியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு வாரத்துக்குள் மாநிலத்தில் நாளொன்றுக்குப் பேசப்பட்ட இருபது கோடி அழைப்பும் உயிர் போகிற விஷயமாகவே இருந்தது. மாவு மில்காரர் மறுபடி மனம் விட்டுத் திட்டத் தொடங்கினார். வாடிக்கையாளர் மனநிறைவு பழையபடி பதினொரு சதவீதத்துக்கு வந்தது. மின்நிலையத்தில் எல்லோருக்கும் நிம்மதி.

மொழி மேன்மைத் துறை மனம் தளரவில்லை. விசாரணை அறிக்கையின் பின்னிணைப்பில் பாண்டியின் நான்கு வரி அச்சாகியிருந்ததை அமைச்சர் படித்துவிட்டார். படித்துக் கண் கலங்கினாராம். உழைக்கும் வர்க்கத்தின் உதட்டில் பிறந்த ஒப்பற்ற கையறுநிலை என்று அறிக்கை விட்டார். ஆண்டின் சிறந்த அன்றாடக் கவிதை விருது பாண்டிக்கு வந்தது. சென்னைக்கு வரவழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். பாண்டி மைக்கைப் பிடித்து, "நன்றி. வணக்கம்" என்றார். சரியாக இரண்டு வார்த்தை.

அந்தக் கவிதை இப்போது பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. 'கைக்குள் வாழ்ந்த உறவு' என்பது தாயைக் குறிக்கிறது என்று ஒரு கோனார்... இல்லை, ஒரு வழிகாட்டி நூல் சொல்கிறது. தாய்மொழியைக் குறிக்கிறது என்று இன்னொரு நூல் மறுக்கிறது. உலகமயத்தால் மனிதன் இழந்த நிலத்தைத்தான் அது பேசுகிறது என்று ஒரு பேராசிரியர் நானூறு பக்கத்தில் நிறுவி முனைவர் பட்டம் வாங்கிவிட்டார். இரண்டு கட்சிகளுக்கும் தனித்தனி விளக்கம் உண்டு. போன மாதம் மதுரையில் இதற்காக ஒரு கருத்தரங்கம் கூட்டி, மூன்று நாள் விவாதித்து, முடிவு எட்டப்படாமல் கைகலப்பில் கலைந்தார்கள்.

அன்று கம்பத்து மேலிருந்து பாண்டி மூன்று முறை போன் போட்டுச் சொல்லப் பார்த்தது இவ்வளவுதான்: கையிலிருந்து கீழே விழுந்தது கட்டிங் பிளேயர்.